கணுக்களுக்கு அரக்கு

பலகைக் கடைப் பையன் மூன்று கேள்விகள் கேட்டான்:
தண்ணீர் நேராகப் படுமா, ஆவி மட்டுமா,
வீட்டில் எத்தனை பேர் குளிப்பார்கள்.
கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் தாமதித்து
"ஒருத்தி" என்றேன்.

எழுதிக்கொண்டான்.
ஷவர் மூலைக்கு சிமெண்ட் பலகை,
மற்ற சுவர்களுக்குப் பச்சை ஜிப்சம்,
உட்கூரைக்கு ஆஸ்பென் போடலாம், பிசின் கிடையாது,
கணுவும் குறைச்சல்.
விலையைப் பார்த்தேன்.
பைன், என்றேன்.

முப்பத்தாறு பைன் பலகைகள்
இப்போது என் வரவேற்பறையில் படுத்திருக்கின்றன,
காற்று போய்வர இடையிடையே குச்சிகள் வைத்து.
இரண்டு வாரம் அவை வீட்டுக்குப் பழக வேண்டுமாம்.
கிறிஸ்டியான்சுண்டில் நவம்பர் மழை
கடலிலிருந்து படுக்கைவாட்டில் வரும்.
கதவைத் திறந்தால்
பலகைகளும் நானும் சேர்ந்து உப்புகிறோம்.
தினமும் ஈரமானியின் ஊசியைக் குத்திப் பார்க்கிறேன்:
பதினாறு. பதினைந்தரை. மறுபடி பதினாறு.

குளியலறையில் சட்டங்களும் குழாய்களும்தான் மிச்சம்.
குளிக்க ஐவின் வீட்டுக்குப் போகிறேன்.
பத்தொன்பது வருடம் கணவனாக இருந்தவன்,
நான்கு வீடு தள்ளி.
செவ்வாயும் சனியும், மாலை ஆறு மணிக்கு,
துண்டும் சோப்பும் பையில்.
"கதவு திறந்திருக்கும்" என்று செய்தி அனுப்பிவிட்டு
நான் வருமுன் நாயோடு வெளியே போய்விடுவான்.
நாகரிகம் தெரிந்தவன்,
விவாகரத்துக்குப் பிறகு.

அந்தத் தொட்டியில் சாய்ந்தால்
தலைக்கு மேலே நாங்கள் இருவரும் அடித்த கூரை.
வெள்ளைப் பெயிண்டைத் தாண்டிக்
கணுக்கள் மஞ்சளாய்க் கசிந்திருக்கின்றன.
எண்ணினேன்.
அறுபத்திரண்டில் தண்ணீர் ஆறிவிட்டது.

அந்த ஆளுக்கு எதிலும் பொறுமை கிடையாது,
வேண்டுமானால் கூரையைப் பாருங்கள் என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!
வக்கீலிடம்கூடச் சொன்னேன்.

போன செவ்வாய், தலையில் ஷாம்பு நுரையோடு இருக்கையில்
நினைவு வந்தது:
அரக்கு டப்பாவோடு கீழே நின்றவன் ஐவின்.
ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு பூச்சு, நடுவில் ஒரு மணி நேரம் என்று
டப்பாவில் இருந்ததைச் சத்தமாகப் படித்தான்.
ஏணிமேல் நின்றவள் நான்.
"யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்?
பலகையைக் கொடு."
வெள்ளிக்கிழமை என் அலுவலகத்தார் விருந்துக்கு வருவதாக இருந்தது.
அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது;
பலகைகள் நுழைந்தன,
நாக்கு காடிக்குள் கச்சிதமாக.

விருந்தாளிகள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.
அதுவும் உண்மைதான்.

வியாழனன்று ஊசி பன்னிரண்டு காட்டியது.
உப்புத்தாள் தேய்த்து, துடைத்து,
சின்னத் தூரிகையால் கணு கணுவாக அரக்கு.
ஒரு மணி நேரம். பிறகு இன்னொரு பூச்சு.
அது காய்ந்ததும் ப்ரைமர், முகத்துக்கும் முதுகுக்கும்.
முதுகை விட்டால் பலகை
ஒரு பக்கமாகக் குடித்துவிட்டுக் கோணிக்கொள்ளும்.
நாக்குக்கும் அடிக்க வேண்டும்,
குளிர்காலத்தில் மரம் சுருங்கும்போது
வெறும் நாக்கு கோடு கோடாய் வெளியே தெரியும்.
வீடு முழுக்க ஸ்பிரிட் நெடி.
மேசைமேல் நடக்க இடமிருந்தால் மேசைமேல் நடந்திருப்பேன்.

அரை டப்பா அரக்கு மிஞ்சியது.
சனிக்கிழமை துண்டோடு அதையும் எடுத்துப்போனேன்.
நாய்க்குக் காலில் கட்டு; ஐவின் வெளியே போகவில்லை.
டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
பெயிண்டுக்கு மேலேயே அடிக்கலாம், பிடிக்கும்,
நானே அடித்துத் தருகிறேன் என்றேன்.
வேறு ஏதோ சொல்லத்தான் வந்திருந்தேன்.

"விடு சூல்ரூன்" என்றான்.
"கதவுப் பக்கம் நாலைந்து சேர்ந்து
ஒரு கடல்நாய் மாதிரி இருக்கும்.
அதை அழித்துவிடாதே."

தொட்டியில் கிடந்து வெகுநேரம் பார்த்தேன்.
அறுபத்திரண்டும் இருந்தன.
கடல்நாய் தென்படவில்லை.
செவ்வாய்க்கிழமை கேட்க வேண்டும்,
தலை எந்தப் பக்கம் என்று.