ஒலிக்காத ஈ

கொழும்பில் இருந்து போனில் சொன்னார்கள்,
திருகோணமலைக் கச்சேரியில்
கடிதத்தை ஆங்கிலத்தில் அடித்தது நான்.
அமைச்சரின் எய்ட் வியாழன் காலை இறக்ககண்டிக்கு.

எய்ட் என்றால் உதவி.
அதே எய்ட், கடைசியில் ஈ போட்டால்
உதவியாளர்.
தமிழில் ஓர் ஆளையே பின்னால் ஒட்டுகிறோம்.
அவர்களுக்கு ஒற்றை எழுத்துப் போதும்,
அதுவும் வாய் திறக்காது.
விட்டுவிட்டேன்.

சங்கத்துக்குப் போன பிரதியை
ஜெசீமா எல்லாருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.
வலை வரும், எஞ்சின் வரும்,
ஒன்றுமில்லாவிட்டால் அரிசியாவது வரும் என்று
உரப்பைகளோடு அறுபது பேர்.

வந்தது வெள்ளை வாகனம்.
ஒருவர் இறங்கினார்,
சப்பாத்தில் மணல் ஏறாமல் நடந்தார்,
இளநீர் குடித்தார், படம் எடுத்தார்,
போனார்.

மறுநாள் ஜெசீமா கடிதத்தை
என் மேசையில் விரித்தாள்.
"இதில எது பிழை?"
சிவப்புப் பேனையால் ஈ போட்டேன்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"ஈ எண்டால் எங்கட பாஷையில குடு எண்டுதானே?
குடுக்கிற எய்டுக்கு ஈ இல்ல.
ஈ இருக்கிறவர் வெறுங்கையோட வாறார்.
நல்ல இங்கிலீசு."

யன்னலுக்கு வெளியே
ஊர்மான் ஒன்று
யாருடையதோ நிவாரணப் படிவத்தை
ஆறுதலாகச் சப்பிக்கொண்டு நின்றது.

அவள் போனபின்
கோப்பின் ஓரத்தில்
பிழையில்லாமல் எழுதிப் பழகினேன்:

எய்ட் வந்தார்.
எய்ட் வரவில்லை.