அழித்துவிடு

ஞாயிற்றுக்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸ் டோபிக் கடை.
மோனோரயில் பாலத்தடியில் மழை.
பதினாறு கிலோ இயந்திரத்துக்குள்
என் ஐந்து சட்டைகள் சுழல,
மடியில் நான்காம் படிவ வரலாற்றுத் தாள்கள்.
நாட்டுப்பற்றுக்கு மூன்று காரணங்கள் எழுதுக.
முப்பத்தெட்டுப் பேரும் அதே மூன்றை எழுதியிருக்கிறார்கள்,
நான் சொல்லிக்கொடுத்த வரிசையில்,
என் எழுத்துப்பிழையோடு.

பக்கத்து நாற்காலியில் ரோவெனா,
முதலாளி வீட்டுப் போர்வைகளோடு.
கைப்பேசியில், இலோய்லோவிலிருந்து, அவள் மகன்
நாளைய தேர்வுக்கு வீரர்களை ஒப்பிக்கிறான்.
இணையம் திக்குகிறது;
விடியலில் சுடப்பட்டவர்
பாதி வாக்கியத்தில் உறைந்து நிற்கிறார்.
இவர்தான் அவர் என்று பர்சைத் துழாவி
ஒரு பெசோ நாணயம் காட்டினாள்.
போன மாதம் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தாளாம்.
துப்பிவிட்டதாம்.

பிறகு பையன் ஏதோ கேட்டான்.
சிரித்தாள். உடனே அதட்டினாள்.
உடைந்த மலாயில் எனக்கு விளக்கினாள்:
வெளிநாட்டில் உழைப்பவர்களும் வீரர்கள்தான் என்று
டீச்சர் சொன்னாராம்.
அட்டவணையில் பத்தாவதாக
அம்மா பெயரை எழுதிவிட்டான்.
'மறைந்த ஆண்டு' என்ற கட்டத்தில்
நீ விமானம் ஏறிய வருஷத்தைப் போடவா, என்கிறான்.

அழித்துவிடு என்றேன், சார்.
எழுதினால் மார்க் போய்விடும், இல்லையா?

சிவப்புப் பேனா என் கையில்தான் இருந்தது.
போகும் என்றேன்.

போர்வைகள் இன்னும் ஈரம்.
எழுந்து போய் இன்னும் இரண்டு ரிங்கிட் போட்டாள்.
நாற்காலியில் விட்டுப்போன கைப்பேசியில்
ரப்பர் தேய்க்கும் சத்தம்,
அது மட்டும் திக்காமல் வந்தது.