தடிமன்

பதிவாளர் அலுவலகத்தில் என் வேலை எளிது.
ஒவ்வொரு படிப்புக்கும் நான்கு எழுத்துக் குறியீடு,
அதைத் தட்டினால் முடிந்தது.
இயற்பியலுக்கு உண்டு, இசைக்கு உண்டு,
மூன்று வருடம் முன்பு மூடிவிட்ட
ஜெர்மன் துறைக்குக்கூட இன்னும் உண்டு.

மாரிட் ஹவ்கன் நீட்டிய படிவத்தில்
பட்டப்படிப்பின் பெயர் என்ற கட்டத்துக்குள்
ஒரே சொல்: பனிக்கட்டி.

வெப்ப இயக்கவியல், இரண்டு பருவம்.
காப்பீட்டுச் சட்டம்.
ஓஜிப்வே மொழி, லோர்னா போலியூவிடம்.
இசைத்துறையில் ஒலியியல்,
ஜனவரி இரவுகளில் ஏரி முனகுவதைப் பதிவுசெய்ய.

குழு திருப்பி அனுப்பியது:
இது பட்டியல், படிப்பு அல்ல.
அடுத்த முறை இன்னும் சுருக்கம்: மையம் எங்கே?
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று
நானும்தான் நினைத்தேன்.
வெப்ப இயக்கவியலில் வேறு தோற்றிருந்தாள்.

மார்ச்சில் மூன்றாவது படிவம்.
அவள் பூட்ஸிலிருந்து உருகி
என் கம்பளத்தில் ஒரு சிறு குட்டை.
நோக்கம் என்ற இடத்தில்
முன்பு ஒன்றரைப் பக்கம் இருந்தது.
இப்போது ஒரு வரி:
எவ்வளவு தடிமன் யாரைத் தாங்கும், அதைச் சொல்வது யார்?

நான்கு அங்குலம் ஆளைத் தாங்கும்,
பன்னிரண்டு காரை.
வடக்கு மினசோட்டாவில் பிள்ளைகள்
வாய்ப்பாட்டுக்கு முன் இதைப் படிக்கிறார்கள்.
டேல் ரஸ்முசனின் டிரக் இறங்கிய இடத்தில்
பதினான்கு இருந்தது என்கிறான் தம்பி.
ஒன்பது என்கிறது நிறுவனம்.
பதினான்கு என்றால் அவன் மனைவிக்குப் பணம் வரும்.
அளக்க ஆள் வந்தது ஐந்தாம் நாள்,
புதுப்பனி எல்லாவற்றையும் மூடிய பிறகு.

அன்று விடியலில் அதே ஏரியில்
லோர்னாவின் அண்ணன் தூண்டிலோடு நடந்திருக்கிறார்.
காலடியில் ஏதோ கேட்டுத் திரும்பிவிட்டார்.
என்ன கேட்டது என்று அவர் சொன்ன சொல்லை
அறிக்கை எழுதியவருக்கு எழுதத் தெரியவில்லை.
விட்டுவிட்டார்.

மூன்றுக்கு இரண்டு என்று குழு ஒப்புக்கொண்டது.
கணினி ஒப்புக்கொள்ளவில்லை.
புதிய குறியீட்டுக்கு மனு போட்டேன்,
எட்டு வாரம் ஆகும் என்று பதில்.
வெற்றுக் கட்டத்தோடு மூடவும் அது விடாது.
காலியாகக் கிடந்த குறியீடு ஒன்றே ஒன்று.

ஆகவே இந்த வசந்தத்தில், எங்கள் ஆவணங்களின்படி,
மாரிட் ஹவ்கன் ஜெர்மன் படிக்கிறாள்.
கூடவே, காலை எட்டு மணிக்கு,
மறுபடியும் வெப்ப இயக்கவியல்.