முன்னுரிமை, நாற்பத்தொன்பது ஸ்லோட்டி

க்தான்ஸ்க் விமான நிலையம், பிப்ரவரி,
விடியாத ஐந்து நாற்பது.
கையில் ஒரு கண்ணாடி விளக்குக்கூடு,
குளியல் துண்டில் சுற்றியது.
குழந்தையைப் போல ஏந்தினேன் என்று சொல்லமாட்டேன்.
குழந்தை விழுந்தால் அழும்,
இது அழாது.

ஹௌகெசுந்தில் என் வாடகைச் சமையலறையில்
மூன்று வருடமாய் வெறும் பல்பு.
மீன் ஆலையில் இரவுப் பணி முடித்து
கதவைத் திறந்தால்
முகத்தில் அறையும் அது.
அதற்காகத்தான் இந்தக் கூடு.
கூட்டுக்காகத்தான் நாற்பத்தொன்பது ஸ்லோட்டி:
முதலில் ஏறு,
தலைக்கு மேல் இடம் பிடி.

"முன்னுரிமைப் பயணிகள் மட்டும்" என்றாள்
பெயர்ப்பட்டையில் யகோதா என்றிருந்த பெண்.
மொத்த வாசலும் எழுந்து நின்றது.

நூற்றெண்பது பேரில் நூற்றிருபது பேர் முன்னுரிமை.
எல்லோரும் முந்திக்கொண்டால்
அதற்குப் பெயர் கூட்டம்.
நடுவே ஒரு நீல நாடா,
அந்தப் பக்கம் வெறும் பயணிகள்,
இந்தப் பக்கம் காசு கட்டிய வெறும் பயணிகள்.
இரண்டு வரிசையும் போய் முட்டுவது
யகோதா கையிலிருக்கும்
ஒரே கருவியில்.

துண்டை அவிழ்க்கச் சொன்னாள்.
இரும்புக் கூண்டுக்குள் இறக்கிப் பார்த்தாள்.
ஒரு விரல் மிச்சம்.
மஞ்சள் ஒட்டுத்தாளைக் கிழித்து
கண்ணாடியிலேயே ஒட்டினாள்.
அவள்மேல் எனக்குக் கோபமில்லை
என்று எழுத ஆசை.
இருந்தது.

திபூர்த்ஸி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.
கப்பல்தளத்தில் வெல்டர்,
மாதம் இரண்டு முறை இதே விமானம்.
மடியில் காகிதம் விரித்து
அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்,
உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் போல.

வாசலைத் தாண்டினால்
படிக்கட்டு.
படிக்கட்டின் அடியில் பூட்டிய கதவு.
கதவுக்கு அந்தப் பக்கம்
இன்னும் வந்து இறங்காத விமானம்.

இருபத்தேழு நிமிடம்
ஆளுக்கொரு படியில் நின்றோம்.
கதவிடுக்கில் பால்டிக் காற்று
கணுக்காலைத் தேடி வந்தது.
பொன் அட்டைக்காரர் ஒருவர்
சுவரிடம் முறையிட்டார்:
பதினொரு வருட வாடிக்கையாளராம்.
சுவர் பொறுமையாகக் கேட்டது.
கீழ்ப்படியில் ஒரு பாட்டுக்காரியோ என்னவோ,
பெரிய தொப்பி,
பெட்டியின்மேல் உட்கார்ந்து தூங்கிப் போனாள்.
பந்திக்கு முந்தச் சொன்னார்கள், முந்தினோம்.
அடுப்பே பற்றவைக்கவில்லை.

பிறகு பேருந்து.
முதலில் ஏறியவர்கள் உள்ளே உள்ளே போய்
எதிர்ப்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டோம்,
நகரச் சொன்னார்கள், நகர்ந்தோம்.
கடைசியாக ஏறினார் திபூர்த்ஸி,
மீசையில் உப்பு.
நாற்பது விநாடி ஓடியது பேருந்து.
நாற்பது விநாடி.
நடந்தே போயிருக்கலாம்.

திறந்தது அவர் பக்கத்துக் கதவு.

நான் ஏறியபோது
தலைக்கு மேல் எல்லாம் நிறைந்திருந்தது:
கோட்டுகள், மதுப்புட்டிப் பைகள்,
யாருடையதோ ஒற்றைச் சப்பாத்து,
திபூர்த்ஸியின் தலைக்கவசம்.
அவர் என்னைப் பார்த்தார்,
கூட்டைப் பார்த்தார்,
ஒட்டுத்தாளை வாசித்தார்.
"எவ்வளவு கொடுத்தாய்?"
சொன்னேன்.
சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு
எனக்குத் தெரிந்தது.
எழுந்து தலைக்கவசத்தை இறக்கினார்.
கூடு அந்த இடத்தில் கொள்ளவில்லை.

காலடியில் வைத்து
கடல் முழுவதும்
முழங்காலை அகட்டியே உட்கார்ந்து வந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர்
இரண்டு முறை பெருமூச்சு விட்டார்.
அதற்கு அவர் எவ்வளவு கட்டினாரோ.

உடையவில்லை.
அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இப்போது சமையலறையில் தொங்குகிறது.
வெந்நீர், வினிகர், நகம்,
எதற்கும் அசையவில்லை அந்த மஞ்சள் தாள்.
இரவுப் பணி முடிந்து வந்து
விளக்கைப் போடுகிறேன்.
அடுப்புக்கு மேலே, சுவரில்,
முன்னுரிமை என்ற சொல்
பெரிதாக விழுகிறது,
பின்னாலிருந்து முன்னாக.