பயன்பாடு: இல்லை

படிவத்தில் ஏழாம் கேள்வி,
காணியின் தற்போதைய பயன்பாடு.
கைதடித் தரவையில் கண் கூச நின்று
இல்லை என்று எழுதினேன்.

மண்ணைப் போத்தல் தண்ணீரில் கலக்கி
மானியைத் தோய்த்தேன்.
எண்கள் ஏறி ஏறி
அளக்கமாட்டேன் என்று ஒற்றைக் கோட்டில் நின்றன.
முன்பு மொட்டைக்கறுப்பன் விளைந்ததாம்.
மதகுக் கதவு உக்க, உவர் ஏறி
வரம்பு மட்டும் மிச்சம்.
உறுதிக்காரர் மொன்றியலில்.
காணொளியில் கேட்டார்:
"அது இன்னும் வெள்ளையாத்தானோ கிடக்கு?"

கடகத்தோடு வந்தா தவக்கொழுந்து அக்கா.
குந்தியிருந்து உமரி கிள்ளினா.
"வறைக்கு உப்புப் போடத் தேவையில்லை, தம்பி."
ஏழாம் கேள்வியை வெட்டி
உமரி, ஒரு ஆள் என்று திருத்தினேன்.
பொறியியலாளர் யதுர்ஷன் சிரித்தார்;
கணினியில் அந்தப் பெட்டிக்கு
ஆம், இல்லை இரண்டே தெரிவு.

இப்போது எண்ணூறு தகடுகள்
தெற்கே முகம் சாய்த்து நிற்கின்றன.
உப்புத்தூள் படியும். கிழமைக்கு ஒருக்கால்
பவுசரில் நன்னீர் வரும், கழுவுவோம்.
கீழ்விளிம்பு சொட்டும் இடமெல்லாம்
ஒரு சாண் அகலத்தில் உவர் கரைந்து
கோரை முளைத்திருக்கிறது.
யதுர்ஷன் குனிந்து படம் எடுத்தார்.
நானும் மானியைத் தோய்த்தேன்;
இம்முறை அது ஓர் எண் சொன்னது.

கம்பி வேலிக்கு வெளியே கடகம்.
"தம்பி, என்ர உமரி எங்கை?"

மண் தேறுது அக்கா
என்று சொல்ல வாயெடுத்தேன்.
கோரையைத் தின்ன
அவவிடம் ஆடும் இல்லை.