வடசேரியில் இறங்கி நடக்கிறவன்

ஆசாரிப்பள்ளத்தில் நான் ஏறினால்
என் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிறையும்.
யாரும் எதுவும் சொல்வதில்லை.
சன்னல் கண்ணாடியை மட்டும்
இன்னும் ஒரு விரற்கடை தள்ளுவார்கள்.

பிணவறை உதவியாளனாகப் பதினோரு வருஷம்.
எலுமிச்சந்தோல், புளி, அடுப்புச் சாம்பல்,
ஒருமுறை மண்ணெண்ணெய்.
தேய்த்ததில் தோல்தான் போனது.
ஃபார்மலின் இருக்கிறது.

மீன் விற்றுத் தீர்ந்த சருவத்தோடு ஏறுகிற சூசம்மா மட்டும்
இடிபோல வந்து பக்கத்தில் உட்காருவாள்.
"எனக்கமேல மீனு, உனக்கமேல மருந்து.
ரெண்டும் கூடினா ஒருத்தனும் அடுக்கமாட்டான்.
நல்லா நிமிந்து இரி மக்கா."
அவள் வராத நாளில்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாது.

அதனால்தான் வடசேரியில் இறங்கிவிடுகிறேன்.
இன்னொரு பேருந்து பிடித்தால் கால்மணி நேரம்,
நடந்தால் கோட்டாறுக்கு முக்கால் மணி.
அந்த முக்கால் மணியில்
நாகர்கோவில் என்மேல் ஏறவேண்டும்.

முதலில் டீசல்.
பிறகு கட்டணக் கழிப்பறையின் பின்சுவர், அது இலவசம்.
கொக்கியில் தொங்கும் மட்டிக்குலை
காம்பு கறுத்த பிறகுதான் வாயைத் திறக்கும்,
திறந்தால் மூடாது.
மணிமேடைப் பக்கம் நேந்திரன் சீவல்
தேங்காயெண்ணெயில் விழும் சத்தம் முன்னால் வரும்,
வாசனை செருப்பு மாட்டிக்கொண்டு பின்னால் வரும்.
அந்தப் புகைக்குள் சட்டையை உதறி
இரண்டு நிமிடம் நிற்பேன்.
கடைக்காரர் உடைந்த சீவலில் ஒரு பிடி நீட்டுவார்.
"தாளில வையும்" என்பேன்.
ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

குலசேகரத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி
சிக்னலில் மாட்டிக்கொண்டால் எனக்கு யோகம்.
புகையும் புளித்த பாலும் சேர்ந்த நெடி.
வெளியூர்க்காரர்கள் கைக்குட்டை எடுப்பார்கள்.
விளவங்கோட்டுக்காரன் மூச்சை இழுத்து
இன்றைக்குக் கிலோ என்ன விலை என்பான்.
நான் லாரியின் பின்னாலேயே கொஞ்சதூரம் போவேன்.

வேப்பமூட்டில் மட்டும் சாலையைக் கடந்துவிடுவேன்.
அங்கே தோவாளைப் பிச்சி,
பொழுது சாய்ந்தால் பாதி விலை.
ஊரே அந்த இடத்தில் மெதுவாக நடக்கும்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம்.
பகல் முழுக்க
பிச்சிமாலை சுமந்து வருகிறவர்களிடம்
கையெழுத்து வாங்குகிறவன் நான்.

இன்று செட்டிகுளத்தில் மழை.
ஐப்பசி மேகத்தை ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து
வாரிக்கொண்டுவந்து கொட்டியது காற்று.
டீசல் போயிற்று, மட்டி போயிற்று,
எண்ணெயும் ரப்பரும் ஓடையோடு போயின.
நனைந்த சட்டைக்குள்ளிருந்து
பதினோரு வருஷம் எழுந்து நின்றது.
மருந்துக்கடைத் தகரத்தின்கீழ் ஒதுங்கிய ஐந்து பேரில்
மூன்று பேருக்கு
மழை விட்டுவிட்டதாகத் தோன்றியது.

கம்போளத்தில் வத்தல் மூட்டைகளை
அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
"வோய், ஒரு கை பிடியும்" என்றான் சுமடு தூக்குகிறவன்.
என்னைத்தான்.
பிடித்தேன். பதினான்கு மூட்டை.
இரண்டு பேரும் தும்மினோம், சிரித்தோம், தும்மினோம்.
ஒன்று கிழிந்து என் தோளில் கொட்டியது.
கடவுளே, இதைவிட நல்ல சட்டை
எனக்கு யார் தைத்துத் தருவார்.

வாசலில் அஜிஷா தும்மினாள்.
ஒன்பது வயது. நான் வந்த வழியைத்
தினமும் மூக்கால் சொல்லிவிடுகிறவள்.
"இண்ணைக்குக் கம்போளம். வத்தமொளவு."
பிறகு என் மணிக்கட்டைத் திருப்பி
நகக்கண்ணருகே மூக்கை வைத்து
எதையோ தேடுகிறவளைப்போல நின்றாள்.

"ம். இருக்கு."
"என்னது?"
"உனக்க மணம்."

கையை விடவில்லை.
வினோலியா சோப்பும் வெந்நீரும் கொண்டுவந்து வைத்தாள்.
வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.