கல்லில் நார்

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் பின்வாசலில்
ஜெனரேட்டர் அறைக்கு அடுத்தது எங்கள் ஆய்வகம்.
ஒரு மெழுகு அடுப்பு, ஒரு சீவுகத்தி,
பேட்டை பஸ் திரும்பினால் நடுங்கும் மேசை.
நான் மூட்டு ஜவ்வு சீவுகிறவன்.
தலைமுடி ஒன்றைப் பதினைந்தாய் வகிர்ந்தால்
அதில் ஒன்றின் மெலிவுக்கு.

ஜவ்வு என்றால் இழுபடும் என்றிருந்தேன்,
ஆனித் தேரோட்டத்தில்
பிள்ளைகள் கையில் வாட்ச் கட்டிவிடும் மிட்டாய்போல.
இது இழுபடாது.
பிறை வடிவம், முற்றின இளநீர் வழுக்கையின் நிறம்,
ஆள் பாரத்தை வாங்கிக்கொண்டு
வாயே திறக்காத சாதி.

டாக்டர் ஜெபக்கனிக்கு ஒரே கேள்விதான்:
நார் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது?
எலும்புக்குள் இறங்கும் இடத்தில்
நார் கொஞ்சம் குருத்தாகும்,
குருத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு ஏறும்,
அப்புறம் பார்த்தால் எலும்பு.
கோடு கிழித்தாற்போல எங்கும் இல்லை.
கல்லில் நார் உரிக்க முடியுமா என்பார்கள்.
எங்களுக்குச் சம்பளமே அதற்குத்தான்.
அதுவும் மூன்று மாதம் பாக்கி.

பதினேழாம் எண்:
செய்யதலி பாத்து, நாற்பத்தொன்பது, மேலப்பாளையம்.
தொழில் என்ற இடத்தில் பீடி.
"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்
காலை மடக்கி உட்காருவீங்க?"
"மணிய யாரு பாத்தா.
ஆயிரம் முடியுத வரைக்கும்."
ஆயிரம் என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை நிறுத்தினார்.
"வெட்டி எடுக்குத துண்டு
வலிக்குத துண்டா, வலிக்காததா?"
பிறகு, இன்னும் மெதுவாக,
"பாத்து முடிச்சதும் மிச்சத்தத் தந்துருவீயளா?
மண்ணுல வைக்கணும்."

சாயம் ஏற்றிப் பார்த்தேன்.
வெளி ஓரத்தில் இரண்டு மூன்று நரம்பு இழை,
துணுக்காய் ஒரு ரத்தக் குழாய்.
உள் விளிம்பில் ரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை.
கிழிந்திருந்தது அங்கேதான்.
அது கிழிந்த நாள்
அன்றைய கட்டுகளில் எத்தனையாவது பீடியோ,
அவர் சுற்றிக்கொண்டே இருந்திருப்பார்.
அப்படியானால்
பத்து வருஷமாக அவரை ராத்திரியில் எழுப்பியது எது?
டாக்டர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.
"மேலும் ஆய்வு தேவைன்னு போடு" என்றார்.

எஞ்சியவை எரிக்கப்படும் என்று
படிவத்தில் அச்சடித்திருந்தது.
ஜெபக்கனி அதை அடித்தார்,
மேலே உரியவரிடம் என்று எழுதினார்,
தேதி போட்டார்.

குலவணிகர்புரம் கேட் அடைத்திருந்தது.
வண்டியின் பெட்ரோல் டேங்க்மேல்
ஃபார்மலின் டப்பாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
ரயில் போய் முடிய நின்றேன்.
பக்கத்து ஆட்டோக்காரர் கேட்டார்,
"என்னது, ஊறுகாயா?"

இப்போது நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுகிறார்.
தொழுவதற்கும் நாற்காலிதானாம்.
முறம் நழுவாமல் இருக்க
மடியில் ஒரு பலகை.
டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இம்புட்டுதானா."
"வலிக்காத துண்டுதான்" என்றேன்.
"அப்ப நல்லதாப் போச்சு.
மண்ணுக்குள்ள போயும் வலிக்கக் கூடாதுல்லா."

மகன் அசன் மைதீன் மையவாடிக்குப் போய்
அரை மணியில் திரும்பினான், நகக்கண்ணில் செம்மண்.
"எம்புட்டு ஆழம் தோண்டுன?"
"முட்டளவு."
"ஒரு சாண் போதாதா, கிறுக்குப் பயலே"
என்றவர் இலையை மடக்கி நூலைச் சுற்றினார்,
நூல் இறுகும் சத்தம்கூட இல்லை.

டீ குடித்தேன். கிளம்பினேன்.
மெழுகுக்குள் இருப்பதைப் பற்றி
நான் சொல்லவில்லை.
கடலைப் பருப்பளவு. வெள்ளை.
இழுப்பறையில்
பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே.